படிக்கும்போது புரிகிறது, ஒரு வாரத்தில் மறக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: எனக்கு வயது 43. வேலைக்கு நடுவே புள்ளியியல் படிக்கிறேன். வாசிக்கும்போது எல்லாம் புரிகிறது. முக்கியமான வரிகளை அடிக்கோடிட்டு மறுபடியும் வாசிக்கிறேன். ஆனால் ஒரு வாரம் கழித்து யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வயதாகிவிட்டதுதான் காரணமா?

பதில்: வயதின் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், கோளாறு படிக்கும் முறையில்தான். ஒரே பக்கத்தை மறுபடி வாசித்தால் வரிகள் பழகிவிடுகின்றன. அந்தப் பழக்கத்தை ‘தெரிந்துவிட்டது’ என்று நாமே நினைத்துக்கொள்கிறோம்.

ரோடிகர், கார்ப்பிக்கே என்ற உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பாடத்தை இரண்டு முறை வாசிக்கவேண்டும். இன்னொன்றை ஒரே முறை வாசித்துவிட்டு, நினைவில் நின்றதைப் பார்க்காமல் எழுதவேண்டும். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, இரண்டு முறை வாசித்ததுதான் கூடுதலாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்ததில் 42 சதவீதம், எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம்.

சரி, உங்கள் பாடத்துக்கே வருவோம். திட்டவிலக்கம், அதாவது எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு, படித்தீர்கள் என்றால் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெற்றுத்தாளை எடுங்கள். 3, 4, 5 என்பதற்கும் 0, 4, 8 என்பதற்கும் சராசரி 4தான். அப்படியிருக்க இரண்டும் எதில் வேறுபடுகின்றன, அதை எப்படி அளப்பது என்று உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள். பாதியில் முட்டி நிற்பீர்கள். உடனே புத்தகத்தைத் திறக்காமல் கொஞ்சம் தவியுங்கள். நினைவை வலுவாக்குவது பெரும்பாலும் அந்தத் தவிப்புதான். அப்புறம் திறந்து, விட்டுப்போனதை மட்டும் பாருங்கள்.

வயது கூடக்கூட புதியதைப் பிடிக்க நேரம் சற்றுக் கூடலாம், உண்மைதான். ஆனால் பழைய அனுபவத்தோடு முடிச்சுப்போட உங்களிடம் நிறைய இருக்கிறது. லண்டன் டாக்சி ஓட்டுநர் தேர்வுக்காகத் தெருக்களை மனப்பாடம் செய்து தேறியவர்களின் மூளையில், நினைவோடு தொடர்புடைய ஒரு பகுதி வளர்ந்திருந்ததை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்கள் எல்லாருமே வயதுவந்தவர்கள்.

சான்றிதழ் கிடைப்பது இருக்கட்டும். அலுவலகத்தில் யாராவது சராசரியை மட்டும் காட்டி வாதாடும்போது, ‘பரவல் எவ்வளவு?’ என்று கேட்க உங்களுக்கு வாய் வரவேண்டும். என்னைக் கேட்டால் வளர்ச்சி அதுதான்.

ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்காராதீர்கள். இன்று எழுதியதை நாளை, பிறகு மூன்று நாள் விட்டு, அப்புறம் அடுத்த வாரம் என்று பார்க்காமல் எழுதுங்கள். முதல் சில தடவை பாதிதான் வரும்; அதைப் பார்த்துவிட்டுப் பழைய வாசிப்புக்கே திரும்பிவிடாதீர்கள்.