திட்டம் நடக்கும்போது சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் முரணில்லாமல் தகவல் சொல்வது எப்படி?

உங்கள் திட்டத்திலும் ஆளுக்கொரு தேதி சொல்லிவிட்டு, பதில் சொல்லும் பொறுப்பை உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள் என்று ஊகித்தே இதை எழுதுகிறேன்.

சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு நான் சைட் இன்ஜினியராக இருந்தபோது, வீடு வாங்கியவர்களிடம் விற்பனைப் பிரிவினர் பொங்கலுக்குச் சாவி என்றார்கள். கணக்குப் பிரிவினர் கான்கிரீட் போட்ட மறுநாளே அடுத்த தவணையைக் கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பார்க்க வந்தவர்களுக்கோ ஆளில்லாத கட்டடமும், புதுத் தளத்தைத் தாங்கி நின்ற முட்டுகளும்தான் தென்பட்டன. "பணத்தை வாங்கிக்கொண்டு வேலையை நிறுத்திவிட்டீர்களா சார்?" என்று என்னைத்தான் கேட்டார்கள். தாங்கிகளுக்கு இடையே நாலரை மீட்டர் வரை உள்ள தளத்துக்குக் குறைந்தது 7 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும் கான்கிரீட் இறுகுவதற்காக முட்டு நிற்க வேண்டும் என்கிறது, கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456. இதை அவர்களுக்கு யாருமே முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். முடிந்த வேலை, நின்ற வேலை, நின்றதற்குக் காரணம், அடுத்த வேலைக்கான தேதி ஆகியவை மட்டும் அதில் இருக்கும். தேதி மாறினால் பழைய தேதியை நீக்காமல் அதன் பக்கத்திலேயே புதியதை எழுதுவேன். உரிமையாளர், வங்கியின் பொறியாளர், வீடு வாங்கியவர்கள், மேஸ்திரி என அனைவருக்கும் ஒரே வேளையில், ஒரு வரிகூட மாறாமல் அது போனது. மழையால் ஒரு வேலையும் நடக்காத வாரத்திலும் அனுப்பினேன். குறிப்பு வராத வாரத்தில்தான் வதந்தி கிளம்பும் என்பதால், மற்ற வாரங்களைவிட அந்த வாரத்துக் குறிப்பையே முக்கியமாகக் கருதுகிறேன்.

எல்லாவற்றையும் வெளியே சொன்னால் வழக்குப் போடுவார்கள் என்று விற்பனைப் பிரிவினர் எதிர்த்தார்கள். 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 11-ஆம் பிரிவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலவரத்தை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் பதிவிடச் சொல்லும்போது, மறைத்து ஆகப்போவது என்ன? ஒப்பந்த விலையையும் கூலிப் பேச்சையும் நான் குறிப்பில் சேர்த்ததில்லை. ஆகவே இரகசியத்தை உடைத்ததாக யாரும் குற்றம் சாட்ட வேண்டாம். கட்டடத்துக்குச் சரி, மென்பொருளுக்கு இது ஒத்துவராது என்பவர்களோடும் நான் வாதிடப்போவதில்லை.

வீடுகள் விற்றுத் தீர்ந்தபோது ஊக்கத்தொகை விற்பனைப் பிரிவினருக்குத்தான் போனது. வாங்கியவர்களைக் கடைசிவரை சமாதானப்படுத்தி வைத்திருந்த அந்தச் சனிக்கிழமை மாலைகளை எவரும் கணக்கில் எடுக்கவில்லை.

நீங்கள் தொடங்குவதற்கு முன், குறிப்பில் இல்லாத தேதியை எவரும் தொலைபேசியில்கூடச் சொல்லக் கூடாது என்பதற்கு உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். எனக்கு அது கிடைக்கவே பெரும்பாடு பட வேண்டியிருந்தது.