இரும்பு வார்ப்படத் தொழிலாளி ஒருவர் பிரிட்டனில் அமைச்சரானது எப்படி?

ஆர்தர் ஹென்டர்சன் 1863இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். நியூகாசிலில் ஃபவுண்டரியில் தொழில் பழகி, உருக்கிய இரும்பை அச்சில் வார்க்கும் மோல்டர் ஆனார். தொழிற்சங்கப் பொறுப்புகள் வழியே வளர்ந்து, 1903 இடைத்தேர்தலில் பார்னார்ட் காசில் தொகுதியில் வென்றார்.

இவரைப் போன்றவர்களைத்தான் தொழிலாளர் அரசியல்வாதி என்கிறோம்: கைத்தொழில் செய்து, சங்கத்தின் பலத்தில் நாடாளுமன்றம் போனவர்கள்.

சங்கம் ஏன் அவ்வளவு முக்கியம்? அன்று எம்.பி.க்களுக்குச் சம்பளமே கிடையாது. நிலபுலன் உள்ளவர் சமாளிப்பார். வாரக்கூலிக்காரர் லண்டனில் எதைச் சாப்பிடுவார்? ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பதுபோல, உறுப்பினர்கள் போட்ட சிறுகாசில்தான் அவர்களின் எம்.பி. வாழ்ந்தார். 1909இல் நீதிமன்றம் இதற்குத் தடை போட்டது. 1911இல் அரசே ஆண்டுக்கு 400 பவுண்டு தரத் தொடங்கியது. என் கணிப்பில், எந்த மேடைப்பேச்சையும்விடப் பெரிய திருப்பம் இதுதான்.

1915இல் ஹென்டர்சன் அமைச்சரவையில் சேர்ந்தார். தொழிலாளர் கட்சியிலிருந்து அங்கே போன முதல் ஆள் அவர். 1929 முதல் 1931 வரை வெளியுறவு அமைச்சர். ஆயுதக் குறைப்பு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவருக்கு 1934இல் அமைதிக்கான நோபல் பரிசு.

இப்படி வந்தவர்கள் எல்லோரும் புரட்சிக்காரர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஹென்டர்சனோ மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையில் பிரசங்கம் செய்தவர், எம்.பி. ஆவதற்கு முன் அதே தொகுதியில் அன்றைய பெரிய கட்சிகளில் ஒன்றான லிபரல் கட்சிக்குத் தேர்தல் வேலை பார்த்தவர்.