பத்திரம் தள்ளிப்போனால் பழைய வேல்யூவேஷன் செல்லுமா?

வாசகர் கேள்வி – பதில்: வீடு, மனை, வங்கிக் கடன்

கேள்வி: கோத்தகிரி பக்கம் 6 சென்ட் நிலத்தோடு 20 வருடப் பழைய கான்கிரீட் வீட்டை 62 லட்சத்துக்குப் பேசி, மார்ச்சில் ஒப்பந்தம் பதிவு செய்தோம். ஏப்ரலில் வங்கி அனுப்பிய இன்ஜினியர் பார்த்துவிட்டு அதே 62 லட்சம் என்று எழுதினார். பட்டா விற்பவரின் காலமான தகப்பனார் பெயரில் இருந்ததால் வாரிசுச் சான்று, பெயர் மாற்றம் என்று இழுத்து, பத்திரம் டிசம்பருக்குப் போய்விட்டது. இப்போது வங்கி மறுபடி வேல்யூவேஷன் கேட்கிறது. வீடு அதேதானே, எதற்கு இன்னொரு கட்டணம்?
– வாசகி, கோத்தகிரி

பதில்: வீடு அதேதான். ஆனால் நடுவில் ஒரு மழைக்காலம் போயிருக்கிறது. உங்கள் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழை பெரிய மழை. 2009 நவம்பரில் நீலகிரியில் பல உயிர்களைக் குடித்த நிலச்சரிவுகள் அந்தப் பருவத்தில் வந்தவைதான். ஏப்ரல் வெயிலில் காய்ந்த சுவரைப் பார்த்து எழுதிய அறிக்கை டிசம்பர் பத்திரத்துக்குப் போதாது. பொதுவாக 3 முதல் 6 மாதம் வரைதான் வங்கிகள் ஒரு அறிக்கையை ஏற்கும். கடன் ஒப்புதல் கடிதத்துக்கும் கெடு உண்டு. அது முடிந்திருந்தால் சம்பளச் சான்றையும் புதிதாகக் கேட்பார்கள். கடிதத்தில் தேதியைப் பாருங்கள்.

பேசிய விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் வங்கி கணக்குப் போடும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு 80 சதவீதம். 62 லட்சத்துக்கு 49.6 லட்சம் கிடைக்கும். புது மதிப்பீடு 56 லட்சம் என்று வந்தால் 44.8 லட்சம்தான். இடையில் விழும் 4.8 லட்சத்தை நீங்கள் கையிலிருந்து போட வேண்டும். ஆகவே இன்ஜினியர் வருவதற்கு முன்பே, நல்ல மழை பெய்த மறுநாள், நீங்கள் போய்ப் பாருங்கள்.

முதலில் வீட்டின் பின்புறத் தடுப்புச் சுவர். அதிலுள்ள வடிகால் துளைகளில் மழைக்குப் பிறகு தண்ணீர் கசிந்தால் நல்லது. மேலே மண் ஊறிக் கிடக்கும்போதும் துளைகள் காய்ந்திருந்தால் அடைபட்டிருக்கின்றன என்று அர்த்தம். உள்ளே தேங்கும் தண்ணீர் சுவரைத் தள்ளும். நடுவில் வயிறு தள்ளும், அல்லது மேல்பக்கம் முன்னால் சாயும். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் போகும் வெடிப்பு இருந்தால் விலையைத் திரும்பப் பேசுங்கள், அல்லது பத்திரத்துக்கு முன்பே விற்பவர் சரிசெய்து தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வீட்டுக்குள் தரையும் சுவரும் சேரும் இடத்தில் வெள்ளை உப்புப் பூத்திருக்கிறதா, மேல்வீட்டுக்காரர் சாக்கடை உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

இன்ஜினியர் கையில் புதுப் பட்டா, புல வரைபடம், கட்டட அனுமதி வரைபடம், வரி ரசீது, பழைய அறிக்கை எல்லாம் இருக்கட்டும். வில்லங்கச் சான்றை இன்றைய தேதி வரை மறுபடி எடுங்கள். ஏப்ரலில் எடுத்தது அதற்குப் பின் விழுந்த அடமானத்தைக் காட்டாது.

மதிப்பு குறைந்து வந்தால் அறிக்கையின் நகலைக் கேட்டுப் படியுங்கள். பெரும்பாலும் தேய்மானத்தில்தான், அதாவது பழசாவதற்காகக் கட்டட மதிப்பில் கழிக்கும் தொகையில்தான், வித்தியாசம் வரும். கட்டடத்தின் வயதை 90-ஆல் பெருக்கி, மொத்த ஆயுளால் வகுப்பார்கள். 10 சதவீதம் இடிபொருள் மதிப்பாக நின்றுவிடும். 1,000 சதுர அடி, அடிக்கு 2,000 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வையுங்கள். புதிதாகக் கட்ட 20 லட்சம். ஆயுள் 60 என்று எழுதினால் தேய்மானம் 30 சதவீதம், மிச்சம் 14 லட்சம். 40 என்று எழுதினால் 45 சதவீதம், மிச்சம் 11 லட்சம். நன்றாகப் பராமரித்த கான்கிரீட் வீட்டுக்கு 40 போட்டிருந்தால் காரணம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வங்கி மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். இன்ஜினியரிடம் நேரில் வாதாட வேண்டாம்.

கேள்வி: உட்பிரிவுக்காக சர்வேயர் அளந்தபோது 6 சென்ட் என்றிருந்தது 5½ சென்ட் ஆகிவிட்டது. நாங்கள் டேப் வைத்து அளந்தால் சரியாக 6 வருகிறதே?
– வாசகர், குன்னூர்

பதில்: சரிவின் மேலேயே டேப்பைப் போட்டிருப்பீர்கள். சர்வே கணக்கு கிடைமட்ட அளவு. 30 டிகிரி சரிவில் 100 அடி டேப், கிடைமட்டத்தில் 86.6 அடிதான். மதிப்பீட்டிலும் ஆவணம், அளவு இரண்டில் குறைந்ததையே எடுப்பார்கள். அரை சென்ட் என்றால் சுமார் 218 சதுர அடி. மலையில் ஒரு வண்டி நிறுத்தும் இடம் அது. ஒப்பந்தத்தில் சென்ட் விலை குறிப்பிட்டிருந்தால் கழித்துக் கேளுங்கள். மொத்த விலை மட்டும் இருந்தால் பேசித்தான் தீர்க்க வேண்டும். எப்படியானாலும் பத்திரத்தின் சொத்து விவரத்தில் புது அளவுதான் ஏற வேண்டும்.

கேள்வி: ஒப்பந்தம் போட்ட பிறகு வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பு) ஏறிவிட்டது. எந்த மதிப்புக்குக் கட்டணம்?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: பத்திரம் எழுதும் நாளின் மதிப்புக்குத்தான். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். வங்கியின் மதிப்பீடு இதில் சேராது. வருமான வரிக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: ஒப்பந்த நாளிலோ அதற்கு முன்போ முன்பணத்தில் ஒரு பகுதியாவது வங்கி வழியாகப் போயிருந்தால், ஒப்பந்த நாளின் வழிகாட்டி மதிப்பையே எடுத்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அது கிடைக்காது. ஒப்பந்தக் கெடு முடிந்திருந்தால் கால நீட்டிப்பையும் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்துக்குப் பதிவு கட்டாயம். நீட்டிப்பை வெள்ளைத்தாளில் எழுதி வைத்துக்கொள்வது உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை.