சோறு போட்டால் தொழில் வளருமா? கேள்வி பதில்

கே: இலவசங்கள் மக்களைச் சோம்பேறி ஆக்காதா சார்? (ஈரோடு)

ப: சத்துணவையே எடுத்துக்கொள்வோம். 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவை, 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். ஒரு திங்கட்கிழமை சத்துணவு மையத்தில் போய் உட்காருங்கள். கள ஆய்வுக்குப் போன ஊர்களில் அன்றைக்குத்தான் அண்டா சீக்கிரம் காலியாகும். "ஞாயித்துக்கிழமை வீட்ல அரை வயிறு சார், அரிசி கூடத்தான் போடணும்" என்பார் சமையல்கார அக்கா. அந்தத் தட்டுக்காக வந்த பெண்பிள்ளை எட்டாவது வரை படித்தாள், தங்கை பத்தாவது முடித்தாள். திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலைகள் பெருகியபோது எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் தயாராக இருந்தார்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேர் தமிழ்நாட்டில்தான். ஆனால் சோறு மட்டுமே காரணம் என்று சொல்லிவிடாதீர்கள். ரோடு, கரண்ட், பஸ், துறைமுகம் எல்லாம் சேர்ந்துதான்.

கே: முதலில் தொடங்கியது காமராஜரா, எம்.ஜி.ஆரா?

ப: இருவருக்கும் முன்பே, 1920-இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில்.

கே: ஓசிச் சோற்றால் வயல் வேலைக்கு ஆள் வருவதில்லையே?

ப: சாப்பிடுவது பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் வயலுக்கு வரக் கூடாது.

கே: இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி. பிறகேன் ஐயா நாங்கள் வளரவில்லை? (யாழ்ப்பாணம்)

ப: இதற்காகத்தான் காத்திருந்தேன். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இந்த இலவசக் கல்வித் திட்டத்தால் எழுத்தறிவு ஏறியது. படித்தவர்களுக்கு வேலைதான் உருவாகவில்லை. தேயிலை, ரப்பர், தேங்காயை நம்பியே நாடு இருந்தது. 1971-இல் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தவர்களில் படித்து வேலையில்லாத சிங்கள இளைஞர்கள் ஏராளம். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956-இன் தனிச் சிங்களச் சட்டமும், பல்கலைக்கழகத்தில் சேரத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் மதிப்பெண் கேட்ட 70-களின் தரப்படுத்தலும் அவர்களின் வழியை அடைத்தன. அப்புறம் போர். இங்கும் ஒற்றைக் காரணம் தேடாதீர்கள்.

கே: அப்படியானால் பள்ளிச் செலவைக் குறைத்து ஆலை கட்டியிருக்கலாமே? (கண்டி)

ப: இல்லவே இல்லை. 1978-இல் கொழும்புக்கு அருகே கட்டுநாயக்க ஏற்றுமதித் தொழில் வலயம் திறந்து தையல் ஆலைகள் வந்தபோது கிராமத்துப் பெண்கள் சட்டென்று வேலை பிடித்துக்கொண்டது அந்தப் பள்ளிகளால்தான். கல்வி முந்திவிட்டது, தொழில் முப்பது வருடம் பிந்திவிட்டது. பிந்தியதுதான் தவறு.

கே: சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு எங்கே விண்ணப்பிப்பது?

ப: கலெக்டர் ஆபீஸ் சத்துணவுப் பிரிவில் கேளுங்கள்.

கே: இலவசம் சோம்பேறித்தனம் வளர்க்குமே?

ப: மறுபடியும் அதே கேள்வி. முதல் பதிலைப் படியுங்கள்.

கே: தமிழ்நாட்டுப் பள்ளிகளின் காலை உணவுத் திட்டத்தால் பொருளாதாரத்துக்கு என்ன கிடைத்தது?

ப: அது 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. அன்று ஒன்றாம் வகுப்பில் சாப்பிட்ட பிள்ளை பன்னிரண்டாவது முடிக்க 2034 ஆகும். அப்போது கேளுங்கள்.