போனைப் பையில் போடுங்கள், தம்பி!

கேள்வி: சென்னை வேளச்சேரியில் பிறந்து வளர்ந்தவன் நான். வயது 29. வங்கி வேலையில் மாற்றலாகிக் கோத்தகிரிக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. காலையில் ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம், கண்ணுக்கெட்டிய தூரம்வரை தேயிலை. இயற்கை என்றால் என்னவென்றே தெரியாமல் இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டேனே என்று இருக்கிறது. இங்குள்ள மக்களையும் தெரிந்துகொள்ள ஆசை. போன மாதம் ஊட்டிப் பக்கம் ஒரு தோடர் பழங்குடி மந்துக்குப் போய்ப் படம் எடுத்தேன். வாசலில் உட்கார்ந்து துணியில் பூவேலை செய்துகொண்டிருந்த பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது. இப்போது வீட்டுக்கார அம்மா (படகர்) ஹெத்தை பண்டிகைக்குக் கூப்பிட்டிருக்கிறார். போகலாமா? டூரிஸ்ட் மாதிரி இல்லாமல் இந்த மலையைத் தெரிந்துகொள்வது எப்படி?
- பெயர் வேண்டாம், கோத்தகிரி.

பதில்: உறுத்துகிறது என்று எழுதினீர்களே, அதனால்தான் உங்கள் கடிதத்தை எடுத்தேன். உறுத்தாதவர்கள் அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள்.

நானும் யோக்கியம் இல்லை. கல்யாணமான புதிதில் குன்னூரில் ஆறு வருடம் இருந்தேன். போன முதல் மாதமே பக்கத்து வீட்டுப் படகர் அக்காவிடம், "உங்க ட்ரைபல் டான்ஸ் எப்பக்கா இருக்கும்?" என்று கேட்டுவைத்தேன். அவர் எம்.ஏ. படித்தவர், நான் பி.காம். "எங்களை அரசாங்கமே பழங்குடிப் பட்டியல்ல சேர்க்கலை, நீ சேர்த்துட்டியே" என்று சிரித்தார். நல்லவேளை, சிரித்தார்.

முதலில் அந்தப் பாட்டி விஷயம். மந்து என்பது அவர்கள் குடியிருக்கும் இடம். ஊட்டிக்குப் பெயரே 'ஒத்தைக்கல் மந்து' என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அப்படியென்றால் அந்த ஊருக்குள் கால் வைக்கும்போதே அவர்கள் வாசலில்தான் நிற்கிறோம். வேளச்சேரியில் உங்கள் அம்மா திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது யாரோ வந்து படம் எடுத்தால் சும்மா விடுவாரா? பாட்டி முகத்தைத் திருப்பியதோடு விட்டாரே. படத்தை அழித்துவிடுங்கள். அரைப்பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி இருக்கிற அந்தக் கோயிலின் பக்கமும் சொல்லாமல் நெருங்காதீர்கள். தோடர் வீட்டுப் பெண்களே அதற்குள் போவதில்லை.

ஆனால் அந்தப் பாட்டி கையில் என்ன வைத்திருந்தார் என்று கவனித்தீர்களா? கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் ஓடும். துணியில் பென்சில் கோடு கிடையாது, அச்சு கிடையாது. இழையை எண்ணி எண்ணித்தான் ஊசியை விடுவார்கள். ஓர் இழை பிசகினால் வரிசையே கோணிவிடும். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்த வேலை அது. எண்ணிக்கொண்டிருப்பவர் முகத்துக்கு நேரே நீங்கள் போனை நீட்டியிருக்கிறீர்கள். இன்னொரு முறை போனால் போனைப் பையில் போட்டுவிட்டு, ஒரு சால்வையைச் சொன்ன விலைக்கே வாங்குங்கள். பேரம் பேசுகிற இடம் அதுவல்ல.

அடுத்து, நீங்கள் இயற்கை என்று எழுதியிருக்கும் தேயிலை. கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, அது பயிர். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி, சோலையையும் புல்வெளியையும் அழித்துப் போட்டது. அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. அசல் மலையைப் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் ஊரை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது. வனத்துறையிடம் கேட்டுவிட்டு ஒரு காலையில் போய்வாருங்கள். வெறும் 116 ஹெக்டேர்தான். 2024-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே பத்தடி வைத்ததும் குளிர் மாறும். மரங்கள் ஓங்கி வளராமல் முறுக்கிக்கொண்டு நிற்கும், உடம்பெல்லாம் பாசி. காலுக்கடியில் இலைமக்கு மெத்தை மாதிரி அமுங்கும். அந்த மெத்தைதான் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. சுற்றுப்பட்டுக் கிராமங்கள் பலவற்றுக்கு அங்கிருந்துதான் தண்ணீர். இரண்டையும் பார்த்த பிறகு உங்கள் ஜன்னல் காட்சி வேறு மாதிரி தெரியும்.

(தனியாக நடப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பொழுது சாய்ந்தபின் தோட்டத்துக் குறுக்குப் பாதை வேண்டாம். காட்டெருமையும் கரடியும் உங்கள் ஊரில் தெருவரைக்கும் வரும். காட்டெருமை சாதுவாக மேய்கிறதே என்று கிட்டே போய் செல்ஃபி எடுப்பவர்களுக்கு ஆஸ்பத்திரிதான்.)

மக்கள் என்றதும் தோடர், படகர் என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். உங்கள் ஜன்னலுக்குக் கீழே கொழுந்து பறிக்கும் பெண்ணின் தாத்தா பாட்டி இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களாக இருக்கலாம். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்த குடும்பங்கள் நீலகிரியில் நிறைய. இன்னொரு மலையையே நெஞ்சில் சுமந்துகொண்டு வந்தவர்கள். அவர்களிடமும் பேசுங்கள்.

எப்படிப் பேசுவது என்றுதானே தயக்கம்? அந்தக் காலத்தில் இந்த மலையில் தோடர் பாலும் நெய்யும் தந்தார்கள். படகர் தானியம் தந்தார்கள். கோத்தர் பானையும் இரும்புச் சாமானும் செய்து தந்ததோடு, மற்றவர் வீட்டுச் சாவுக்கும் வாத்தியம் வாசித்தார்கள். குறும்பர் தேன் கொண்டுவந்தார்கள். கோத்தகிரி என்ற பெயரே அந்தக் கோத்தர்களால் வந்ததுதான். ஆளுக்கு ஒரு கைச்சரக்கு இருந்தது. உங்கள் கையில் என்ன இருக்கிறது? வங்கி இருக்கிறதே! அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு பசுந்தேயிலையை ஃபேக்டரிக்குப் போடுகிறவர்கள்தான் உங்கள் கவுண்டருக்கு வருகிறவர்கள். கிலோவுக்கு இன்றைக்கு என்ன விலை கிடைத்தது என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அரைமணி நேரம் பேசுவார்கள். கடன் விண்ணப்பத்தை "நாளைக்கு வாங்க" என்று தள்ளாமல் உட்காரவைத்து நிரப்பிக்கொடுங்கள். நாலே மாதத்தில் எந்த ஹட்டிக்கு (படகர் ஊர்) போனாலும் "பேங்க் தம்பி" என்று தேநீர் வரும்.

ஹெத்தை பண்டிகைக்குக் கண்டிப்பாகப் போங்கள், கூப்பிட்ட பிறகு போகாமல் இருந்தால்தான் தப்பு. ஹெத்தை அவர்களுக்குச் சாமி மட்டுமில்லை, மூதாதைப் பாட்டி. உங்கள் பக்கத்துப் பேரகணிக்கு ஊர் ஊராக வெள்ளை உடுத்திக்கொண்டு வருவார்கள். நீங்களும் வெள்ளை வேட்டி, சட்டை. கலர் ஜெர்கினை அன்றைக்கு மட்டும் வீட்டில் விட்டுவிடுங்கள். எதுவரை உள்ளே வரலாம், எங்கே நிற்கவேண்டும் என்று அந்த அம்மாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் எதிரே வந்தால் தலையைக் குனியுங்கள், கை வைத்து ஆசீர்வதிப்பார்கள். என் தலையிலும் அந்த அக்காவின் மாமியார் கை வைத்திருக்கிறார். அவர் பேசியது எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, அழுதுவிட்டேன்.

இன்னொன்று. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டியிருக்குமா என்றும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். மார்கழி விடியலில் அந்த ஊர்த் தரை ஐஸ் மாதிரி இருக்கும். வேளச்சேரிக் கால் தாங்காது.