ரிஷி சுனக் தோற்றால் உங்களுக்கு வருத்தமில்லையா? 2024 ஜூலை 4 தேர்தலைப் பற்றி பிரிட்டனில் சாதாரண மக்கள் என்ன நினைக்கிறார்கள்?

கேட்டவர் ஊரிலிருந்து கேட்கிறார் என்றே நினைக்கிறேன். எங்கள் பெரியப்பாவும் போன வாரம் போனில் இதையேதான் கேட்டார்: "என்னம்மா, நம்ம ஆளு அங்க பிரதமரா இருக்காரு, நீங்கல்லாம் சேர்ந்து அவரைத் தோக்க விட்ருவீங்க போலிருக்கே?" அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். (இதை எழுதுவது 2024 ஜூன் நடுவில், தேர்தலுக்கு முன்னால்.)

எனக்கு வருத்தமில்லை. 2022 அக்டோபர் 24, தீபாவளி அன்று, அவர்தான் அடுத்த பிரதமர் என்று முடிவானபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வார்டில் கூட வேலை பார்க்கும் மலையாளி நர்ஸ்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள் எல்லோரும் வந்து கைகுலுக்கினார்கள். மறுக்கவில்லை. ஆனால் "நம்ம ஆளு" என்பதற்கு நிறத்தைத் தவிர என்ன இருக்கிறது? அவர் பிறந்தது சவுத்தாம்ப்டனில். அப்பா அம்மா கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள், தாத்தா பாட்டி பஞ்சாபிகள். 2024ஆம் வருடப் பணக்காரர் பட்டியலில் அவருக்கும் மனைவிக்கும் சேர்த்து 651 மில்லியன் பவுண்டு சொத்து. நாகர்கோவில் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்த எனக்கும் அவருக்கும் என்ன ஒட்டு உறவு?

சரி, சாதாரண மக்கள் என்ன நினைக்கிறார்கள்? நான் இருப்பது லண்டன் இல்லை, ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட். லண்டனில் நம்மவர்கள் நிறைய இருக்கும் ஈஸ்ட் ஹாமில், ஹாரோவில் இருப்பவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். என் தெருவையும் என் வார்டையும் வைத்துத்தான் சொல்கிறேன். மொத்த பிரிட்டனும் இப்படித்தான் என்று நான் சொன்னதாக யாரும் கீழே வந்து சண்டைக்கு நிற்க வேண்டாம்.

இது பீங்கான் ஊர். ஒரு காலத்தில் உலகத்துக்கே கோப்பையும் தட்டும் செய்து அனுப்பிய ஊர். பக்கத்திலேயே நிலக்கரிச் சுரங்கங்களும் இருந்தன. சுரங்கங்கள் எல்லாம் மூடிவிட்டன, பீங்கான் ஆலைகளில் மிச்சம் கொஞ்சம்தான். இங்குள்ள மூன்று தொகுதிகளும் 1950இலிருந்து லேபர் கட்சியின் கையில் இருந்தவை. 2017இல் ஒன்று சுனக்கின் கட்சியான கன்சர்வேட்டிவ் பக்கம் போனது, 2019இல் மற்ற இரண்டும் போயின. 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் ஊரில் கிட்டத்தட்ட பத்தில் ஏழு பேர் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறச் சொல்லி ஓட்டுப் போட்டார்கள்.

பக்கத்து வீட்டில் எண்பது தாண்டிய பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். பள்ளி முடித்த கையோடு ஆலைக்குப் போய், கோப்பைகளுக்குக் கையால் பூ வரைந்தவர். இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே டீ கொடுத்தாலும், குடித்து முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து அடியில் இருக்கும் முத்திரையைப் பார்ப்பார்கள், நம்மூரில் செய்ததா என்று. முதல் தடவை என் வீட்டுக்கு வந்தபோது பாட்டி அப்படிக் கவிழ்த்துப் பார்த்தார். சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய கோப்பை, சீனாவில் செய்தது. கட்டைவிரலால் அந்த எழுத்தை ஒருமுறை தடவிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தட்டில் வைத்தார். அடுத்த தடவை வரும்போது செய்தித்தாளில் சுற்றிய இரண்டு கோப்பைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். இனிமேல் அதில்தான் குடிக்க வேண்டுமாம்.

வாழ்நாள் முழுக்க லேபருக்குப் போட்டவர், 2019இல் மட்டும் கன்சர்வேட்டிவுக்குப் போட்டார். பிரெக்ஸிட் முடிந்தால் ஊருக்கு நல்லது நடக்கும் என்று நம்பினார். இப்போது இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கிறார். இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளின் காத்திருப்புப் பட்டியல் 2024 ஏப்ரல் கணக்கில் 75 லட்சத்தைத் தாண்டியிருந்தது. டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணிக்குப் போன் போட வேண்டும், எட்டரைக்குள் அன்றைய இடமெல்லாம் தீர்ந்துவிடும். சில நாள் டூட்டி முடிந்து வந்து நானே அவருக்காகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு வரிசையில் காத்திருக்கிறேன். அவருக்கு இந்தத் தேர்தல் அந்தப் போன்தான். வரி, புகலிடம் கேட்டு வருபவர்களை ருவாண்டாவுக்கு அனுப்புவது, 18 வயதுப் பிள்ளைகளுக்குத் தேசியச் சேவை என்று டிவியில் பேசுவது எதையும் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கொதித்துவிட்டார். ஜூன் 6, இரண்டாம் உலகப் போரின் நார்மண்டி தரையிறக்கத்தின் 80ஆம் ஆண்டு நினைவு நாள். சுனக் பாதியிலேயே கிளம்பி டிவி பேட்டி கொடுக்க வந்துவிட்டார், மறுநாள் மன்னிப்பும் கேட்டார். பாட்டியின் அப்பா அந்தப் போரில் இருந்தவர். "அந்த வயசான ஆட்களை விட்டுட்டு வந்துட்டானே" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நடுங்கும் குரலில் சொன்னார். அந்தப் பேட்டி இந்த வாரம் ஒளிபரப்பானது. சின்ன வயதில் உங்களுக்கு எது இல்லாமல் போனது என்று கேட்டதற்கு ஸ்கை டிவி (பணம் கட்டிப் பார்க்கும் சேனல்கள்) என்றார் பிரதமர். கேபிள் பணம் கட்ட முடியாத வீடுகள் இருக்கிற தெருவில் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பாட்டி லேபரைக் கொண்டாடுகிறார் என்று நினைக்க வேண்டாம். "திரும்பப் போட்டாலும் சந்தோஷமாப் போட மாட்டேன்" என்கிறார். கருத்துக்கணிப்புகளில் லேபர் 20 புள்ளிகள் முன்னால் இருப்பதாகச் சொல்கிறார்களே, அதில் பாதிக்கு மேல் இந்த மாதிரி ஓட்டு என்பது என் அபிப்பிராயம். லேபர் தலைவர் ஸ்டார்மர் மீது ஆசைப்பட்டுப் போடுகிறேன் என்று சொன்ன ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை.

வாடகைக்கு இருக்கும் இளம் ஆட்கள் ஓட்டே போடப் போவதில்லை என்கிறார்கள். வீட்டுக்கடன் கட்டுபவர்கள் 2022இல் சுனக்குக்கு முன் பிரதமராக இருந்த லிஸ் டிரஸ் அரசு போட்ட, கடன் வட்டியை ஏற்றிவிட்ட மினி பட்ஜெட்டை இன்னும் மன்னிக்கவில்லை. 2021 டிசம்பர் நடு வரை வெறும் 0.1 சதவீதமாக இருந்த பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டி 2024 ஜூனில் 5.25இல் நின்றது. என்னை வேலைக்குக் கூட்டிப்போகும் டாக்ஸிக்காரர் பாகிஸ்தான் பக்கக் காஷ்மீரின் மீர்ப்பூர்க் குடும்பம், மூன்று தலைமுறை லேபர். காசா விஷயத்தில் ஸ்டார்மர் பேசியதற்குப் பிறகு சுயேச்சைக்குத்தான் போடுவேன் என்கிறார். வீட்டில் உட்கார்ந்து அவர் அப்பாவோடு சண்டையாம்.

பாய்லர் பழுது பார்க்க வந்தவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நல்ல மனிதர், நேர்மையான கூலி. இந்த மாதம் பிரெக்ஸிட்டுக்காகப் பிரசாரம் செய்த நைஜல் ஃபராஜ் தலைவராகத் திரும்ப வந்ததிலிருந்து, குடியேற்றத்தைக் குறைக்கச் சொல்லும் ரிஃபார்ம் கட்சிதான் என்றார். போன வருடம் (2023) மட்டும் நிகரக் குடியேற்றம், அதாவது வந்தவர்களில் போனவர்களைக் கழித்தால், 6,85,000 என்று கணக்கு வந்திருக்கிறது, இத்தனை பேருக்கு வீடு எங்கே, டாக்டர் எங்கே என்று கேட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களைச் சொல்லலை, நீங்க நர்ஸ்" என்றார். அவருடைய கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வீடும் இல்லை, டாக்டரும் இல்லை, அது உண்மை. ஆனால் "உங்களைச் சொல்லலை" என்று யாராவது சொல்லும்போது யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் தங்கச்சியைச் சொல்கிறார்கள்.

தங்கச்சி என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, தூத்துக்குடிப் பெண். இங்கே ஒரு கேர் ஹோமில், அதாவது முதியோர் பராமரிப்பு இல்லத்தில், வேலை. ஊரில் ஒரு ஏஜென்ட் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, "நீங்க முதல்ல போங்க, புருஷனும் பிள்ளையும் பின்னாடியே வந்துரலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். காகிதங்களை இழுத்தடித்ததில் விண்ணப்பம் போனது மார்ச் கடைசியில். 2024 மார்ச் 11ஆம் தேதியிலிருந்து கேர் வேலைக்குப் புதிதாக விண்ணப்பிப்பவர்கள் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது என்று சுனக் அரசு சட்டம் மாற்றிவிட்டது. ஏஜென்டுக்கு அது தெரியாமலா இருக்கும்? இங்கே வந்த பிறகுதான் இவளுக்குத் தெரிந்தது. மகளுக்கு நான்கு வயது. அடுத்தவர் வீட்டுப் பெரியவர்களைக் குளிப்பாட்டி, உணவு ஊட்டி, படுக்க வைத்துவிட்டு, இவள் தன் பிள்ளை தூங்குவதை வாட்ஸ்அப் வீடியோவில் பார்க்கிறாள். பெரியப்பா சொல்லும் "நம்ம ஆளு" போட்ட சட்டம் இது. இதற்குப் பிறகும் எனக்கு வருத்தம் வர வேண்டுமா?

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவள், "அக்கா, நமக்கெல்லாம் இங்க ஓட்டு கிடையாதுல்ல?" என்று கேட்டாள். உண்டு. இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். விசாவில் முறைப்படி இங்கே வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் பிரிட்டன் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போடலாம். இந்தியா, இலங்கை, மலேசியா எல்லாம் அதில் வரும். பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. என் வார்டில் ஒரு போலந்துக்காரி இருக்கிறாள். பல வருடமாக இங்கே இருக்கிறாள், பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். அவளுக்குப் பொதுத்தேர்தலில் ஓட்டு இல்லை. வந்து சில வாரமே ஆன தூத்துக்குடிப் பெண்ணுக்கு இருக்கிறது. போலந்துக்காரிக்கு இல்லாதது நியாயமா என்பது வேறு கேள்வி. எனக்கு நியாயமாகப் படவில்லை.

அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை. விசாவுக்குச் சிக்கல் வருமா, கேர் ஹோம் முதலாளிக்குத் தெரிந்தால் விசாவுக்கான ஸ்பான்சரை நிறுத்திவிடுவாரா என்று ஒரே பயம். ஸ்பான்சர் போனால் பொதுவாக 60 நாளுக்குள் வேறு வேலை தேடியாக வேண்டும், அந்தப் பயம் எனக்குப் புரியும். ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கும் விசாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாருக்குப் போட்டாய் என்று எந்த முதலாளிக்கும் தெரியப் போவதில்லை. சாப்பாட்டு மேஜையிலேயே போனை எடுத்து அரசு இணையதளத்தைத் திறந்தோம். பெயர், முகவரி, பிறந்த தேதி, எந்த நாட்டுக் குடிமகள் என்று கேட்டது. குடியிருப்பு அட்டையைத் திருப்பி, பின்பக்கம் இருந்த நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணை (இங்கே வேலை செய்பவர்களுக்கு அரசு தரும் எண்) ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள், நான் அடித்தேன். குழம்பு ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஓட்டுப் போட முடியவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தவள் அவள். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் பெயரைச் சேர்த்திருந்தாலும் நேரில் போய்த்தான் போட வேண்டும், டிக்கெட்டுக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

அன்றைக்கே அந்த இணைப்பை எங்கள் ஊர்த் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் அட்மின் அதை அழித்துவிட்டு, "இங்கே அரசியல் வேண்டாம் சகோதரி" என்று எழுதினார். இதே குழுவில் மார்ச் முழுக்க, ஏப்ரல் முழுக்க திமுக, அதிமுக, பாஜக என்று ராத்திரி இரண்டு மணி வரை அடித்துக்கொண்டார்கள். அதெல்லாம் அரசியல் இல்லை. நாம் வரி கட்டுகிற ஊரில், நம் பிள்ளைகள் படிக்கிற ஊரில் ஓட்டைப் பதிவு செய்யுங்கள் என்று சொன்னால் மட்டும் அரசியலாம். யாருக்குப் போடுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கன்சர்வேட்டிவுக்கே போடுங்கள், ஆனால் போடுங்கள்.

ஆரம்பித்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பொங்கலுக்கும் சித்திரைக்கும் சமைப்பது முழுக்கப் பெண்கள். ராத்திரி டூட்டி முடித்துத் தூங்காமல் வந்து வெங்காயம் அரிந்திருக்கிறோம். கமிட்டியில் ஒரு பெண் இல்லை. கேட்டால், "நீங்களெல்லாம் பிஸியா இருப்பீங்கன்னுதான்" என்கிறார்கள். மேடையில் சால்வை போர்த்திக்கொள்ள அவர்களுக்கு நேரம் இருக்கிறது, வெங்காயம் அரிய மட்டும் இல்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், தெரியும். வேறு எங்கே போய்ச் சொல்வது?

"பிழைக்கப் போன இடத்தில் உனக்கு எதற்கு அவர்கள் அரசியல்" என்று சிலர் எழுதுவீர்கள். கேர் ஹோம் சட்டத்தை எழுதியவர்கள் எங்களைக் கேட்டுவிட்டு எழுதவில்லை. லேபர் வந்தால் அதை மாற்றிவிடும் என்றும் நான் நம்பவில்லை, அவர்களும் குடியேற்றத்தைக் குறைப்போம் என்றுதான் பேசுகிறார்கள். ஆனால் வீட்டுக் கதவைத் தட்டி ஓட்டுக் கேட்க வருபவரிடம், எனக்கு ஓட்டு இருக்கிறது, இந்தப் பெண்ணின் பிள்ளையைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்க முடிகிறது. போன செவ்வாய்க்கிழமை வந்தவரிடம் கேட்டேன். கையிலிருந்த காகிதத்தில் குறித்துக்கொண்டு போனார்.

இங்கே இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: இந்த 2024 தேர்தலுக்குப் பெயர் சேர்க்கக் கடைசி நாள் ஜூன் 18, செவ்வாய், நள்ளிரவு வரை. தபால் ஓட்டு வேண்டுமென்றால் மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வாக்குப்பதிவு வியாழக்கிழமை, விடுமுறை கிடையாது, ஆனால் காலை ஏழிலிருந்து இரவு பத்து வரை நேரம் இருப்பதால் எந்த ஷிஃப்ட் ஆட்களும் போய்விடலாம். வீட்டுக்கு வரும் வாக்காளர் அட்டை மட்டும் போதாது, புகைப்பட அடையாளம் கட்டாயம். 2024 மே மாத உள்ளூர்த் தேர்தலில் அது இல்லாமல் போய்த் திரும்பி வந்தவர் முன்னாள் பிரதமர் போரிஸ் ஜான்சன், அந்தச் சட்டமே அவர் அரசு கொண்டுவந்ததுதான். இந்தியப் பாஸ்போர்ட்டும் இலங்கைப் பாஸ்போர்ட்டும் செல்லும், இந்தத் தேர்தலுக்குக் குடியிருப்பு அட்டையும் செல்லும். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், டூட்டி முடிந்து வந்து பதில் போடுகிறேன்.