ரிகர்ஷனும் பிரித்துத் தீர்த்தலும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ரிகர்ஷன் என்றால் ஒரு செயல்முறை அதே வேலையின் சிறிய வடிவத்துக்குத் தன்னையே அழைப்பது; பிரித்துத் தீர்த்தல் என்றால் பெரிய கணக்கைச் சிறு துண்டுகளாகப் பிரித்துத் தீர்த்து, விடைகளைச் சேர்ப்பது. இவை பற்றி ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நிரல் எழுதத் தெரியாதவர்களும் கேட்டிருப்பதால் நிரல் வரிகள் எதுவும் போடவில்லை.

தக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை: சார், கலைந்து கிடக்கும் 1000 விடைத்தாள்களைப் பதிவெண் வரிசையில் அடுக்க வேண்டும். மெர்ஜ் சார்ட்டைக் கையால் செய்தால் உண்மையிலேயே சீக்கிரம் முடியுமா?

முடியும் டீச்சர். ஒவ்வொரு முறையும் மொத்தக் கட்டையும் புரட்டி மிகச் சிறிய எண்ணைத் தேடி எடுத்தால் 999, 998, 997 என்று போய் மொத்தம் 4,99,500 ஒப்பீடு வரும். மெர்ஜ் சார்ட்டில் கட்டை ஒவ்வொரு தாளாகும் வரை பாதி பாதியாகப் பிரித்து, பிறகு இரண்டிரண்டு கட்டாக இணைக்கிறீர்கள்: ஏற்கெனவே வரிசையான இரண்டு கட்டுகளின் மேல்தாளை மட்டும் பார்த்து, சிறியதை எடுத்து வைத்துக்கொண்டே போகிறீர்கள். 1000 தாளுக்குப் பத்துச் சுற்று, சுற்றுக்கு 1000-க்கும் குறைவான ஒப்பீடு, ஆக 10,000-க்குள் வேலை முடிந்துவிடும். ஜான் வான் நியூமன் 1945-லேயே கணினிக்காக எழுதிவைத்த முறை இது.

ஆனால் கையால் செய்வதென்றால் நான் வேறு வழி சொல்வேன். முதலில் பதிவெண்ணின் நூறாம் இலக்கத்தைப் பார்த்துப் பத்துக் கட்டாகப் போடுங்கள், ஒவ்வொரு கட்டையும் பத்தாம் இலக்கத்தால் மறுபடி பத்தாகப் பிரியுங்கள், அப்புறம் பத்துப் பத்துத் தாளாகக் கையில் இருக்கும், அதை அடுக்கக் கண் போதும். கடைசியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் சரி. மெர்ஜ் சார்ட்டில் பிரிப்பதற்குச் செலவே இல்லை, உழைப்பு முழுவதும் சேர்ப்பதில் இருக்கிறது; இதில் அது அப்படியே தலைகீழ். ஹோர் 1961-ல் வெளியிட்ட குயிக் சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையிலும் உழைப்பு பிரிக்கும் இடத்தில்தான்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவி: அண்ணா, பிரித்தால் வேகம் கூடும் என்கிறார்கள். பெரிய எண்களின் பெருக்கலை இரண்டு இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன், ஒன்றுமே குறையவில்லை. எங்கே தப்பு?

தப்பு எதுவும் செய்யவில்லை மக்களே. ஒவ்வொரு எண்ணையும் இரண்டாகப் பிரித்தால் பாதி நீளத்தில் நான்கு பெருக்கல் வரும். ஒவ்வொன்றும் கால்வாசி வேலை, அது நான்கு என்றால் பழைய வேலையேதான். பிரித்ததால் மட்டும் எதுவும் மிச்சமாகாது, துண்டுகளின் எண்ணிக்கை குறைய வேண்டும்.

அதைக் குறைத்தவர் அனத்தோலி கரட்சுபா. 1960-ல் மாஸ்கோ பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில், n இலக்கப் பெருக்கலுக்கு n-இன் வர்க்க அளவு வேலையைத் தவிர்க்கவே முடியாது என்று தாம் கருதுவதாகக் கணித மேதை கொல்மகோரவ் சொல்கிறார். ஒரே வாரத்தில், 23 வயது மாணவரான கரட்சுபா அது தவறு என்று காட்டிவிட்டார். கொல்மகோரவ் அதை அடுத்த கூட்டத்தில் தாமே விளக்கிவிட்டுக் கருத்தரங்கையே முடித்துக்கொண்டார். 1962-இல் வந்த கட்டுரையையும் அவரே எழுதி மாணவர் பெயரில் அனுப்பினார். இந்த வரலாறு எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் பல நூறு ஆண்டுகளாக எல்லோரும் பள்ளியில் செய்த கணக்கில் ஒரு மிச்சம் ஒளிந்திருந்தது, யாருமே தேடவில்லை.

47 × 86 போட்டுப் பாருங்கள். 4 × 8 = 32, 7 × 6 = 42. நடுத்துண்டுக்கு 4 × 6, 7 × 8 என்று இரண்டு பெருக்கல் தேவை என்றுதான் தோன்றும். அதற்குப் பதிலாக (4 + 7) × (8 + 6) = 154 என்று ஒரே பெருக்கல் செய்து, ஏற்கெனவே கையில் உள்ள 32-ஐயும் 42-ஐயும் கழித்தால் 80. அப்புறம் 3200 + 800 + 42 = 4042. நான்கு மூன்றாகிவிட்டது. இரண்டு இலக்கத்தில் இது பெரிய லாபம் இல்லை, ஆனால் ஒவ்வொரு மட்டத்திலும் இதே மிச்சம் கிடைப்பதால் 1024 இலக்க எண்களுக்கு 10,48,576 ஓரிலக்கப் பெருக்கல் ஏறக்குறைய 59,049 ஆகிறது, அதாவது 3-இன் பத்தாம் அடுக்கு. இதே எண்ணத்தில் ஸ்டிராசன் 1969-ல் அணிப் பெருக்கலில் (எண் அட்டவணைகளைப் பெருக்குவதில்) எட்டுப் பெருக்கலை ஏழாக்கினார்.

நாகர்கோவில்: மாஸ்டர் தேற்றத்தை மனப்பாடம் செய்ய எளிய வழி?

மனப்பாடம் வேண்டாம். பிரித்துத் தீர்க்கும் முறைக்கு மொத்தம் எவ்வளவு வேலை ஆகும் என்று சொல்வதுதான் அந்தத் தேற்றம். கணக்கு எப்படித் துண்டு துண்டாகப் பிரிகிறது என்று கிளைவிடும் மரம் வரைந்து, மட்டத்துக்கு மட்டம் மொத்த வேலை கூடுகிறதா, குறைகிறதா, அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். கூடினால் அடிமட்டம் செலவைத் தீர்மானிக்கும், குறைந்தால் மேல்மட்டம், சமமாக இருந்தால் ஒரு மட்டத்து வேலையை மட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்ளுங்கள். மெர்ஜ் சார்ட் மூன்றாவது வகை, கரட்சுபா முதல் வகை.

குளச்சல், மைக் செட் வேலை: அண்ணே, டிஜிட்டல் மிக்சர் திரையில் எந்த அதிர்வெண் கூவுகிறது என்று உடனுக்குடன் தெரிகிறதே, அதிலும் இந்தப் பிரிக்கிற வேலை இருக்கிறதா?

வழக்கமாக அதற்குள்ளே ஓடுவது எஃப்.எஃப்.டி., அதாவது ஒலியில் எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று வேகமாகக் கணக்கிடும் முறை, அது முழுக்க இதே முறைதான். ஒலியில் 1024 மாதிரிகளை (அடுத்தடுத்த கணங்களில் அளந்த அளவுகளை) எடுத்து நேரடியாகக் கணக்கிட்டால் பத்து லட்சத்துக்கு மேல் பெருக்கல். இரட்டை இடத்தில் உள்ளவை, ஒற்றை இடத்தில் உள்ளவை என்று பிரித்துத் தனித்தனியே தீர்த்தால், அந்த 512 விடைகளையே கூட்டி ஒரு பாதியும் கழித்து மறு பாதியும் பெற்றுக்கொள்ளலாம். பத்து மட்டம், மட்டத்துக்கு 512, ஆக 5120 பெருக்கல். கூலியும் டியூக்கியும் 1965-ல் வெளியிட்டார்கள், ஆனால் காஸ் 1805 வாக்கிலேயே சிறுகோள்களின் பாதையைக் கணக்கிட இதை எழுதிவைத்திருந்தார்.

ஆரல்வாய்மொழி, பிளஸ் ஒன் மாணவர்: ஒரு நிரல் தன்னையே அழைத்தால் அது சரியான விடை தரும் என்று எப்படி நம்புவது?

நீங்கள் படிக்கும் கணிதத் தொகுத்தறிதல்தான் தம்பி அந்த நம்பிக்கைக்கு ஆதாரம். மிகச் சிறிய கணக்குக்கு விடை சரி, சின்னவை எல்லாம் சரியென்றால் அடுத்ததும் சரி, இந்த இரண்டையும் காட்டினால் போதும், உள்ளே இறங்கி ஒவ்வோர் அழைப்பையும் பின்தொடராதீர்கள். 1883-ல் எதுவார் லூக்கா கொடுத்த ஹனாய் கோபுரப் புதிரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கம்பங்களில், பெரிய தட்டைச் சிறியதன் மேல் வைக்காமல், ஒவ்வொரு தட்டாக மொத்த அடுக்கையும் வேறு கம்பத்துக்கு மாற்ற வேண்டும்: மேலே உள்ள 63 தட்டை நகர்த்தத் தெரியும் என்று வைத்துக்கொண்டால் 64-க்கு வழி வந்துவிடுகிறது. நொடிக்கு ஒரு தட்டு நகர்த்தினாலும் 58,000 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும் என்பது வேறு விஷயம்.

குலசேகரம்: ஃபிபனாச்சி 40-ஐ ரிகர்ஷனில் எழுதினேன், காத்திருந்து அலுத்துவிட்டது. பைத்தான் மொழி மோசமா?

பைத்தானைக் குறை சொல்ல வேண்டாம். ஃபிபனாச்சி வரிசையில் ஒவ்வோர் எண்ணும் அதற்கு முந்தைய இரண்டின் கூட்டல். துண்டுகள் ஒன்றோடொன்று மேற்படிகின்றன, 38-ஐ 40-ம் கேட்கிறது 39-ம் கேட்கிறது, இப்படியே போய் மொத்த அழைப்பு 33 கோடியைத் தாண்டுகிறது. ஒருமுறை கண்ட விடையைக் குறித்துவைத்தால் உடனே முடியும்.

மார்த்தாண்டம் மாணவியே மறுபடியும்: அப்படியென்றால் ஒன்று மிஞ்சும் வரை பிரித்துக்கொண்டே போக வேண்டுமா?

கூடாது. சின்ன அளவில் அழைப்புச் செலவே வேலையைவிடப் பெரிது. 2002-ல் டிம் பீட்டர்ஸ் பைத்தானுக்காக எழுதிய டிம்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறை 32-க்கும் 64-க்கும் இடைப்பட்ட துண்டுகளைச் செருகல் முறையில் (ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் செருகி) வரிசைப்படுத்தி, அவற்றை இணைக்கிறது. உங்கள் பெருக்கல் நிரலிலும் பிரிப்பதை நிறுத்தும் எல்லையை 16, 32, 64 என்று மாற்றி மாற்றி ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், எது குறைவோ அதை வையுங்கள்.